வளர்ச்சி ஹார்மோன் கோளாறு உள்ளவர்களுக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை: எதை, எப்போது, எப்படிச் செய்வது

வளர்ச்சி ஹார்மோன் கூடுதலாகச் சுரப்பவர்களும் (பெரியவர்களில் இந்த நோயின் பெயர் அக்ரோமெகலி), அது குறைவாக இருப்பதால் ஊசி போட்டுக்கொள்பவர்களும் கேட்பது ஒரே கேள்வி: "எனக்குப் புற்றுநோய் வருமா?" இரு தரப்புக்கும் பதில் வேறு, செய்ய வேண்டிய பரிசோதனைகளும் வேறு. நோயின் பெயரை மட்டும் வைத்து ஆபத்தைக் கணிக்க முடியாது. ஐஜிஎஃப்-1 (வளர்ச்சி ஹார்மோன் தூண்டுவதால் சுரக்கும் பொருள்) எவ்வளவு உயர்ந்திருந்தது, எத்தனை ஆண்டு உயர்ந்திருந்தது, தலைக்கோ உடலுக்கோ கதிர்வீச்சு கொடுக்கப்பட்டதா, குடும்பத்தில் மரபணுக் கோளாறு உண்டா என்ற நான்கும்தான் கணக்கைத் தீர்மானிக்கின்றன.

மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் வளர்ச்சி ஹார்மோன் கல்லீரலைத் தூண்டி ஐஜிஎஃப்-1 என்ற பொருளைச் சுரக்கவைக்கிறது. இது செல்களைப் பெருகத் தூண்டும். பழுதான செல் தானாக மடிவதையும் தள்ளிப்போடும். ஆகவே அளவு மிஞ்சினால் கட்டிகள் வளர வாய்ப்பு கூடும் என்ற ஐயம் நியாயமானது. இதன் மறுமுனையை லாரன் நோய்க்குறியில் பார்க்கலாம். அவர்கள் உடலில் வளர்ச்சி ஹார்மோன் இருந்தும் அதை ஏற்கும் வாங்கி வேலை செய்யாததால் ஐஜிஎஃப்-1 மிகக் குறைவு. தென் ஈக்வடாரில் இவர்களை 22 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2011-இல் வெளியானது. அவர்களில் ஒருவருக்கு மட்டும், உயிரைப் பறிக்காத புற்றுநோய் ஒன்று வந்திருந்தது. உயரம் இயல்பாக உள்ள உறவினர்களிடையே அது 17 சதவீதம்.

முதல் வேலை: ஐஜிஎஃப்-1 எண்ணைச் சரியாகப் படிப்பது

பரிசோதனை அட்டவணை எல்லாம் இந்த எண்ணை ஒட்டியே அமைவதால், இதில் தவறினால் மற்றதும் தவறும். ரிப்போர்ட்டில் அச்சிட்ட இயல்பு அளவு உங்கள் வயதுக்கும் பாலினத்துக்கும் உரியதா என்று முதலில் பாருங்கள். 20 வயதில் இயல்பான எண் 70 வயதில் மிகுதியாக இருக்கும். அலகையும் பாருங்கள்: 1 நானோமோல்/லிட்டர் என்பது ஏறத்தாழ 7.65 நானோகிராம்/மில்லிலிட்டர். இரண்டையும் கலந்து ஒப்பிட்டு "திடீரென்று ஏழு மடங்கு ஏறிவிட்டது" என்று பதறுவது நடக்கக்கூடியதே.

ஐஜிஎஃப்-1 நாள் முழுவதும் பெரிதாக ஏறி இறங்காது. வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் ஆய்வகத்தை மாற்றாதீர்கள். ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு விதமாக அளப்பதால், இரண்டு லேபின் எண்களை ஒரே வரைபடத்தில் வைத்தால் அதிலிருந்து எதையும் முடிவுகட்ட முடியாது. கல்லீரல் நோய், ஊட்டச்சத்துக் குறைவு, கட்டுக்கடங்காத சர்க்கரை, சிகிச்சை பெறாத தைராய்டு குறைவு, வாய்வழி ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஆகியவை எண்ணைக் கீழே இழுத்து, நோய் அடங்கிவிட்டது போலக் காட்டும். பயோட்டின் அதிகமுள்ள கூந்தல், நக மாத்திரைகள் சில ஆய்வக முறைகளைக் குழப்பும். ரத்தம் கொடுக்கும் முன் அதைச் சொல்லிவிடுங்கள்.

பிட்யூட்டரி கட்டியை எடுக்கும் அறுவைக்குப் பிறகு சுமார் 12 வாரம் கழித்து எடுக்கும் எண்ணே பேசக்கூடிய எண். சுரப்பைக் குறைக்கும் மாதாந்திர ஊசியில் இருப்பவர்கள் அடுத்த ஊசிக்குச் சற்று முன் ரத்தம் கொடுக்க வேண்டும். பெக்விசோமன்ட் போடுபவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோனை அளப்பதில் பயனில்லை, ஐஜிஎஃப்-1 மட்டுமே போதும். அந்த மருந்து வாங்கியை அடைக்கிறதே தவிர சுரப்பைக் குறைப்பதில்லை.

அக்ரோமெகலி: பெருங்குடலில்தான் அதிகக் கவனம்

அக்ரோமெகலியில் பொதுமக்களைவிடத் தனியாகச் சேர்க்க வேண்டிய பரிசோதனை, பெரும்பாலானோருக்கு ஒன்றுதான்: கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா குழாயை உள்ளே விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது. பெருங்குடலில் பாலிப் (உட்சுவரில் முளைக்கும் சதை) உருவாகும் வாய்ப்பு இவர்களுக்குக் கூடுதல். அவற்றில் அடினோமா வகை பல ஆண்டுகளில் புற்றாக மாறக்கூடும். மாறுமுன் எடுத்துவிடலாம் என்பதால்தான் இந்தச் சோதனைக்கு இவ்வளவு மதிப்பு.

எப்போது தொடங்குவது? அமெரிக்க எண்டோக்ரைன் சொசைட்டியின் 2014 வழிகாட்டுதல், நோய் கண்டறியப்பட்டதுமே ஒருமுறை செய்யச் சொல்கிறது. பிரிட்டனின் 2010 வழிகாட்டுதல் 40 வயதிலிருந்து தொடங்குகிறது. 40 தாண்டியவருக்கு இரண்டும் ஒன்றேதான். 25 வயதில் நோய் தெரிந்தவருக்கு அவசரமில்லை என்று ஒரு டாக்டரும், ஒருமுறை பார்த்துவிடலாம் என்று இன்னொருவரும் சொல்வது இதனால்தான்; இருவர் சொல்வதும் தவறில்லை. குடும்பத்தில் குடல் புற்று இருந்தாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ வயது பார்க்கக் கூடாது.

அடுத்தது எப்போது என்பதை முதல் சோதனையின் முடிவும் ஐஜிஎஃப்-1 நிலையும் சேர்ந்து சொல்லும். அடினோமா இருந்தாலோ, ஐஜிஎஃப்-1 இன்னும் உயர்ந்திருந்தாலோ 3 முதல் 5 ஆண்டு. குடல் சுத்தமாக இருந்து ஐஜிஎஃப்-1-உம் கட்டுக்குள் இருந்தால் 5 முதல் 10 ஆண்டு. பெரிய பாலிப், வில்லஸ் அமைப்பு (விரல் போன்ற நீட்சிகள்), உயர்நிலை டிஸ்ப்ளேசியா (செல்கள் பெரிதும் மாறியிருப்பது) ஆகியவை பயாப்ஸி ரிப்போர்ட்டில் தென்பட்டால் இடைவெளியைக் குடல் நிபுணர் இன்னும் சுருக்குவார். "எல்லாம் நார்மல், பத்து வருஷம் கழித்து வாருங்கள்" என்ற பொதுவான சொல்லை, ஐஜிஎஃப்-1 இன்னும் ஏறியிருக்கும்போது அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். சொன்னவருக்கு உங்கள் ஹார்மோன் நிலை தெரியாமல் இருந்திருக்கலாம்.

மலத்தில் மறைந்த ரத்தம் பார்க்கும் சோதனை இதற்கு மாற்றாகாது. ரத்தம் கசியாத அடினோமாவை அது தவறவிடும். இங்கே நாம் தேடுவதே அதைத்தான். குடலின் இடப்பக்கக் கடைசிப் பகுதியை மட்டும் பார்க்கும் சிக்மாய்டோஸ்கோபியும் போதாது. அக்ரோமெகலியில் வலப்பக்கக் குடலிலும் பாலிப் வருவதால் குழாய் சீகம் வரை, அதாவது பெருங்குடல் தொடங்கும் இடம் வரை போய்ச்சேர வேண்டும்.

இந்த இடத்தில்தான் நடைமுறைச் சிக்கல். அக்ரோமெகலி உள்ளவர்களின் பெருங்குடல் வழக்கத்தைவிட நீளமாகவும் வளைவு வளைவாகவும் இருக்கும். உணவு நகர்வதும் மெதுவாகும். வழக்கமான பேதி மருந்து குடித்தும் குடல் முழுதாகச் சுத்தமாகாமல் போகும், குழாயும் கடைசிவரை போகாமல் நிற்கும். முடிவில் "பார்த்த வரை நார்மல்" என்று ஒரு ரிப்போர்ட் கையில் வரும். பாதி பார்த்த குடல், பார்க்காத குடலைவிட மோசம். ஏனென்றால் அது அடுத்த பத்தாண்டுக்கு வீண் நிம்மதியைக் கொடுத்துவிடுகிறது.

சோதனைக்கு முன்பு செய்ய வேண்டியவை:

தேதி வாங்கும்போதே "எனக்கு அக்ரோமெகலி, குடல் நீளமாக இருக்கலாம், அனுபவமுள்ள டாக்டர் வேண்டும், கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்" என்று சொல்லுங்கள். குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று போவது, பெரிய நாக்கு ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும்போது மூச்சுப்பாதை அடைபடும் ஆபத்து இவர்களுக்கு அதிகம். மயக்க மருந்து டாக்டருக்கு அது முன்கூட்டியே தெரிந்தால் தயாராக இருப்பார். தூங்கும்போது மூச்சுக்கு உதவும் சிபாப் கருவி பயன்படுத்துபவர்கள் அதை எடுத்துக்கொண்டே போகலாம்.

இரும்புச்சத்து மாத்திரையை 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்த வேண்டும். அது மலத்தைக் கறுப்பாக ஒட்டவைத்துக் குடல் சுவரை மறைக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், எதை எத்தனை நாள் முன் நிறுத்துவது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்றவை எடுத்தால், பட்டினியில் கீட்டோன் ஏறும் ஆபத்து இருப்பதால் வழக்கமாக 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இன்சுலின் அளவையும் அந்த நாளுக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

சோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்து விதை, தோல், கீரை, கொட்டை இல்லாத நார் குறைந்த உணவு. முந்தைய நாள் தெளிந்த திரவம் மட்டும். பேதி மருந்தைக் கட்டாயம் இரண்டாகப் பிரித்துக் குடியுங்கள்: பாதி முந்தைய மாலை, மீதி சோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன் தொடங்கி, 2 மணி நேரம் முன்பாவது முடித்துவிட வேண்டும். முழுவதையும் முதல் நாளே குடித்தால் இரவில் சிறுகுடலிலிருந்து இறங்கும் கசடு வலப்பக்கக் குடலில் படிந்துவிடும். அக்ரோமெகலிக்கு வழக்கமான அளவு போதாமல், கூடுதல் நாள் திரவ உணவோ, இரட்டை அளவு மருந்தோ தேவைப்படுவதுண்டு; இதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். கடைசியாக வெளியேறுவது வெளிர்மஞ்சளாகத் தெளிந்த நீராக இருந்தால் சரி. கலங்கலோ துணுக்கோ இருந்தால் கிளம்புவதற்கு முன் போன் செய்து கேட்பதே நல்லது.

பிட்யூட்டரி அறுவை அல்லது கதிர்வீச்சுக்குப் பின் ஹைட்ரோகார்ட்டிசோன் (உடல் சுரக்காத கார்டிசோலுக்கு ஈடான ஸ்டீராய்டு) எடுப்பவர்கள் கவனியுங்கள். பேதி மருந்து குடிக்கும் நாள் உடலுக்கு ஒரு நோய்நாள் போன்றதே. குடித்த மாத்திரை வாந்தியிலோ வயிற்றுப்போக்கிலோ போய்விட்டால் கார்டிசோல் திடீரெனப் போதாமல் போகும் அட்ரீனல் நெருக்கடி வரலாம். ரத்த அழுத்தம் படுத்துவிடும். ஸ்டீராய்டு அளவை அந்த நாளில் இரட்டிப்பாக்குவது, சோதனை தொடங்கும்போது 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போடுவது பற்றி முன்கூட்டியே ஹார்மோன் டாக்டரிடம் எழுதி வாங்கிச் செல்லுங்கள். அவசர ஊசியும் கையில் இருக்க வேண்டும். வாந்தி நிற்காவிட்டால் வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அளவுக்கு மீறிச் சிறுநீர் போவதைத் தடுக்க டெஸ்மோப்ரெசின் எடுப்பவர்களுக்கு இதே நாளில் வேறொரு பொறி. அந்த மருந்து சிறுநீரைத் தடுத்து வைத்திருக்கும்போது லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் சரியும். தலைவலி, குழப்பம், வலிப்பு வரை போகும். மருந்தைத் தானாக நிறுத்துவதும் தவறு, தண்ணீரைத் தாராளமாகக் குடிப்பதும் தவறு. எவ்வளவு குடிப்பது, எந்த உப்புச்சத்துத் திரவம் குடிப்பது, டோஸை எப்போது தள்ளிப்போடுவது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இரண்டு மருந்தும் எடுப்பவர்களை முந்தைய நாளே மருத்துவமனையில் சேர்த்துக் குடலைச் சுத்தம் செய்வது மிகையான முன்னெச்சரிக்கை ஆகாது.

சோதனை முடிந்ததும் ரிப்போர்ட்டில் நான்கு விஷயம் தேடுங்கள். சீகம் எட்டப்பட்டதா, அதற்குப் படம் உண்டா. குடல் சுத்தம் எந்த அளவு: பாஸ்டன் மதிப்பெண் என்றால் 9-க்கு எத்தனை, மூன்று பகுதியில் ஒவ்வொன்றும் 2-க்குக் குறையாமல் உள்ளதா. குழாயை வெளியே எடுத்துப் பார்க்க ஆன நேரம். எதையும் வெட்டி எடுக்காத சோதனையிலும் 6 நிமிடத்துக்குக் குறைந்தால் அவசரமாகப் பார்த்தது என்றுதான் பொருள். எடுத்த பாலிப்பின் அளவு, எண்ணிக்கை, பயாப்ஸி வகை. சீகம் எட்டப்படவில்லை என்றாலோ சுத்தம் போதவில்லை என்றாலோ, கூடிய விரைவில் திரும்பச் செய்ய வேண்டும்; முடியாதவர்களுக்குக் குடலை சிடி ஸ்கேனில் பார்க்கும் சிடி கொலோனோகிராபி ஒரு வழி. அதிலும் பாலிப் தெரிந்தால் எடுக்கக் கொலோனோஸ்கோபிக்கே திரும்ப வேண்டும்.

உடலில் மருவைப் போல் தொங்கும் தோல் முளைகள் நிறைய இருந்தால் குடலில் பாலிப் இருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் சொன்னாலும் அதை வைத்து யாரையும் விடவும் முடியாது, பயமுறுத்தவும் கூடாது.

தைராய்டு

அக்ரோமெகலியில் தைராய்டு வீங்குவதும் முடிச்சுகள் வருவதும் மிகச் சாதாரணம், பெரும்பாலானவை தீங்கற்றவை. டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து முடிச்சு தென்பட்டால் அல்ட்ராசவுண்ட் எடுப்பதே வழிகாட்டுதல் சொல்வது. எதுவும் தென்படாதவருக்கும் ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்தால், 4 மில்லிமீட்டர் முடிச்சுகளைக் கண்டுபிடித்துக் காலம் முழுவதும் அதைப் பின்தொடர்ந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

ஊசி வைத்து எடுக்கும் சோதனை, முடிச்சின் அளவையும் தோற்றத்தையும் சேர்த்துப் பார்த்து முடிவாகும். சந்தேகம் பலமாக இருந்தால் 1 செ.மீ. எல்லை, சந்தேகம் குறையக் குறைய எல்லை 1.5, 2, 2.5 செ.மீ. என்று உயரும். வெறும் நீர்க்கட்டிக்குத் தேவையில்லை. முடிச்சின் இறுக்கத்தை அளக்கும் எலாஸ்டோகிராபி ஸ்கேனில் "கடினமான முடிச்சு" என்று வந்தால் அதை மட்டும் வைத்துப் பதற வேண்டாம்: அக்ரோமெகலியில் தீங்கற்ற முடிச்சுகளும் கடினமாக இருப்பதுண்டு.

மார்பகம், கருப்பைவாய், பிராஸ்டேட்

இவற்றுக்கு அக்ரோமெகலிக்கென்று தனி அட்டவணை இல்லை. உங்கள் வயதினருக்கு உள்ள பொதுவான பரிசோதனையே போதும், தவறவிடாமல் இருந்தால் சரி. ஹார்மோன் டாக்டரையே பல ஆண்டுகள் பார்த்துவருபவர்கள், மேமோகிராமும் கருப்பைவாய்ச் சோதனையும் வேறு யாரோ பார்த்துக்கொள்வதாக நினைத்து விட்டுவிடுவது உண்டு.

பிராஸ்டேட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. பிட்யூட்டரி பாதிப்பால் டெஸ்டோஸ்டிரோன் குறைந்த ஆண்களுக்குப் பிஎஸ்ஏ (பிராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை எண்) இயல்புக்கும் கீழே தெரியும். டெஸ்டோஸ்டிரோன் தொடங்கியதும் அது ஓரளவு ஏறும்; அந்த ஏற்றம் மட்டும் புற்றின் அடையாளமாகாது. பரிசோதனைக்கு உரிய வயதினர் தொடங்கும் முன் ஒன்றும், 3 முதல் 12 மாதத்துக்குள் ஒன்றும் எடுங்கள். ஓராண்டுக்குள் 1.4-க்கு மேல் கூடினாலோ, திரும்ப எடுத்துப் பார்த்தும் 4 நானோகிராம்/மில்லிலிட்டரைத் தாண்டினாலோ சிறுநீரக அறுவை நிபுணரைப் பார்க்க வேண்டும்.

மரபணுவைச் சந்தேகிக்க வேண்டியவர்கள்

30 வயதுக்குள் பெரிய பிட்யூட்டரி கட்டி, குழந்தையிலேயே அசாதாரண உயரம், குடும்பத்தில் இன்னொருவருக்கும் பிட்யூட்டரி கட்டி: இவற்றில் எது இருந்தாலும் மரபணு ஆலோசனை கேளுங்கள். மென்-1 என்ற மரபணுக் கோளாறில் பிட்யூட்டரியோடு பாராதைராய்டும் கணையமும் சேரும். அதற்கு எளிய முதல் சோதனை ரத்தக் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும். உதட்டிலும் முகத்திலும் கறும்புள்ளிகளோடு இதயத்தில் மிக்சோமா கட்டி வரும் கார்னி காம்ப்ளெக்ஸ் என்ற மரபணுக் கோளாறில், ஆண்டுதோறும் எக்கோ தேவை. அரிதாக, பிட்யூட்டரியில் தனிக் கட்டி தெரியாமல் சுரப்பி முழுவதும் வீங்கியிருந்தால் நுரையீரலிலோ கணையத்திலோ உள்ள கட்டி அதைத் தூண்டிக்கொண்டிருக்கலாம். அப்போது தேட வேண்டிய இடமே வேறு.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடுபவர்கள்

குறைபாட்டுக்காகச் சரியான அளவில் போடும் ஊசி, முன்பு புற்று வந்திராதவருக்குப் புற்றுநோயைக் கூட்டுவதாக இதுவரையான பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. ஐரோப்பாவின் 8 நாடுகளில் சுமார் 24,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வின் 2017 முடிவும் மொத்தத்தில் இதையே சொன்னது. அங்கங்கே சில உறுப்புகளில் சற்றுக் கூடுதல் எண்ணிக்கை தெரிந்தாலும், அதற்கு ஊசிதான் காரணம் என்று கொள்ளும் அளவுக்கு இல்லை. ஆகவே ஊசிக்காகக் கூடுதல் கொலோனோஸ்கோபி தேவையில்லை. தேவைப்படுவது, தொடங்கும் முன் சில தெளிவுகள்.

புற்றுநோய் இப்போது இருந்தால் ஊசி கூடாது. இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. பெரியவர்கள் தொடங்கும் முன் தங்கள் வயதுக்கான மேமோகிராம், குடல், கருப்பைவாய், பிராஸ்டேட் சோதனைகளை முடித்துவிடுங்கள். பிட்யூட்டரியில் கட்டி இருந்தவர்களுக்கு எம்ஆர்ஐ ஒன்று தொடக்கப் படமாக இருக்க வேண்டும். பிறகு மீதம் வளர்ந்ததா என்று ஒப்பிட அதுவே அடிப்படை.

குழந்தைப் பருவப் புற்றிலிருந்து மீண்டவர்களுக்கு, சிகிச்சை முடிந்து நோய் இல்லாமல் குறைந்தது ஓராண்டு காத்திருந்து தொடங்குவது வழக்கம். பெரியவர்கள், குறிப்பாக மார்பகப் புற்று வந்தவர்கள், இன்னும் நெடுங்காலம் காத்திருக்க வேண்டும்; அதைப் புற்றுநோய் டாக்டரும் ஹார்மோன் டாக்டரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். குழந்தைப் பருவப் புற்றிலிருந்து மீண்டு ஊசி போட்டவர்களிடம் இரண்டாவது கட்டிகள் சற்றுக் கூடுதலாகத் தெரிந்ததுண்டு, அதிலும் மூளையுறைக் கட்டியான மெனிஞ்சியோமாவே முன்னால் நிற்கிறது. அதற்கு முக்கியக் காரணம் தலைக்குக் கொடுத்த கதிர்வீச்சு. பல பத்தாண்டு கழித்தும் வரலாம். ஊசி நிறுத்தியவருக்கும் இந்தக் கண்காணிப்பு தொடர வேண்டும் என்பதுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

கதிர்வீச்சு பட்ட இடமே பரிசோதனை அட்டவணையைத் தீர்மானிக்கிறது. மார்பில் பட்ட பெண்களுக்கு 25 வயது அல்லது கதிர்வீச்சுக்கு 8 ஆண்டு பின், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து ஆண்டுதோறும் மார்பகப் பரிசோதனை. வயிற்றில் பட்டவர்களுக்கு 30 வயது அல்லது 5 ஆண்டு பின், எது பிந்தியதோ அதிலிருந்து குடல் சோதனை. முதுகுத்தண்டு முழுவதும் கதிர்வீச்சு பெற்ற மூளைக்கட்டிக் குழந்தைகளுக்குக் கழுத்திலும் வயிற்றிலும் கதிர் பட்டிருக்கும். "தலைக்குத்தான் கொடுத்தார்கள்" என்ற நினைப்பில் இது விடுபடும். பழைய சிகிச்சைக் குறிப்பை, கதிரின் அளவோடும் இடத்தோடும், நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புளூம் நோய்க்குறி, ஃபான்கோனி ரத்தசோகை போன்று பிறவியிலேயே புற்றுக்கு இடம்கொடுக்கும் கோளாறுகளில் உயரக் குறைவு ஒரு அறிகுறியாக வருவதால், தவறுதலாக ஊசி தொடங்கப்படும் வாய்ப்பு உண்டு. காரணம் தெரியாத குட்டையான உயரத்தோடு தோலில் நிறப்புள்ளிகள், கட்டைவிரல் குறைபாடு, வெயில் பட்டால் சிவப்பது, ரத்த அணுக்கள் குறைவு இருந்தால் ஊசிக்கு முன் மரபணுச் சோதனை. டர்னர் நோய்க்குறியில் ஒய் குரோமோசோம் துணுக்கு இருந்தால் சினைப்பையில் கட்டி வரலாம் என்பதால் அதை அகற்றுவது பற்றிப் பேச வேண்டும். இது ஊசியால் வரும் ஆபத்து அல்ல.

அளவு விஷயத்தில்: பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 30 வயதுக்குள் 0.4 முதல் 0.5 மில்லிகிராம், 30 முதல் 60 வரை 0.2 முதல் 0.3, 60-க்கு மேல் 0.1 முதல் 0.2 என்று குறைவாகத் தொடங்கி, 1 முதல் 2 மாதத்துக்கொருமுறை ஐஜிஎஃப்-1 பார்த்து ஏற்ற வேண்டும். வயதுக்குரிய இயல்பு எல்லையைத் தாண்டினால் டோஸைக் குறைக்க வேண்டும், உடல் நன்றாக இருந்தாலும். மாத்திரை ஈஸ்ட்ரோஜனை நிறுத்திவிட்டு ஒட்டுப்பட்டைக்கு மாறினால் அதே டோஸில் ஐஜிஎஃப்-1 ஏறிவிடும். இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. தசைக்காகவும் இளமைக்காகவும் குறைபாடில்லாமல் போட்டுக்கொள்வது இந்தக் கணக்குக்குள் வரவே வராது. அது சொந்தச் செலவில் அக்ரோமெகலியை வரவழைப்பதுதான்.

லாரன் நோய்க்குறி போன்றவற்றில் கொடுக்கும் மெகாசெர்மின் ஊசியில் இருப்பது நேரடியாக ஐஜிஎஃப்-1 என்பதால், புற்று இருந்தாலோ சந்தேகம் இருந்தாலோ அது நிறுத்தப்பட வேண்டும். அவர்களுக்கு இயல்பாக இருக்கும் பாதுகாப்பை அந்த மருந்துக் காலத்தில் நம்பியிருக்கக் கூடாது.

அட்டவணைக்குக் காத்திருக்கக் கூடாதவை

மலத்தில் ரத்தம், காரணமில்லாத இரும்புச்சத்துக் குறைவு ரத்தசோகை, சில வாரங்களாக மாறிய மலப்பழக்கம், வேகமாக வளரும் கழுத்து முடிச்சு அல்லது குரல் கம்மல், புதிதாகத் தொடங்கி மாறாத தலைவலியோ வலிப்போ, எடைக் குறைவு. இவற்றில் எதுவானாலும் கடைசிச் சோதனை போன வருடம்தான் சுத்தமாக வந்தது என்று சொல்லித் தள்ளிப்போட வேண்டாம். குடல் நீளமானவர்களின் கடைசிச் சோதனை எவ்வளவு முழுமையாக இருந்தது என்பதை, அந்தப் பழைய ரிப்போர்ட்டில் சீகம் என்ற சொல்லைத் தேடினாலே தெரிந்துவிடும்.